பழைய குசினிக்குப் புது டைல்ஸ்: கேளுங்கோ, சொல்றன்

திருகோணமலையில 18 வருசமா டைல்ஸ் ஒட்டுறன். வந்த கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றன்.

உவர்மலை அக்கா: தம்பி, எங்கட குசினி அப்பா காலத்தில கட்டினது. அடுப்புக்குப் பின்னால பழைய 6 அங்குல வெள்ளை டைல்ஸ் கறுத்துப்போய்க் கிடக்கு. உடைக்காம மேலால ஒட்டேலாதா?

ஒட்டலாம் அக்கா, ஆனா முதல்ல ஒரு காசை எடுத்து ஒவ்வொண்டா தட்டிப் பாருங்கோ, டொக் டொக்கெண்டு வெறுமையாக் கேட்டா அது உள்ளுக்குச் சுவரை விட்டிட்டுது. நாலஞ்செண்டா கழட்டிச் சீமெந்து வச்சு நிரவலாம், பாதிக்கு மேல எண்டா உடைக்கிறதுதான் சரி. நல்லா இறுகியிருந்தா வோஷிங் சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்ச்சு, மினுக்கம் போற மாதிரி கிரைண்டரால கீறி, டைல் மேல டைல் ஒட்டுற பசையே வாங்கிப் போடுங்கோ, வெறும் சீமெந்து பிடிக்காது. சுவர் முன்னுக்கு வரும், பிளக் பெட்டியும் வெளிய வரோணும், கரண்ட் வேலைக்காரருக்கு முதலே சொல்லிவையுங்கோ.

நிலாவெளி: அண்ணை, டைல் இடுக்கால வெள்ளையா மா மாதிரிப் பூக்குது. துடைக்கத் துடைக்க வருது.

அது உப்பு தம்பி. சுவருக்குள்ள இருக்கிற ஈரம் வெளிய வரேக்க உப்பையும் இழுத்துக்கொண்டு வரும், கழுவாத கடல் மணலில பூசின சுவரெண்டா இன்னும் மோசம். தொழில் பழகின காலத்தில மார்கழி மழைக்குள்ள அவசரப்பட்டு ஒரு வீட்டில ஒட்டிக் குடுத்தன், சித்திரைக்கு முன்னம் ஒரு வரிசை அப்பிடியே வயிறு தள்ளிட்டுது, அந்த அம்மா ஒரு வார்த்தை ஏசேல்ல, இண்டைக்கும் அது மனசுக்குள்ள கிடக்கு. அதுக்குப் பிறகு ஒரு முழப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால அடைச்சுச் சுவரில ஒரு நாள் விட்டுப் பாக்காம ஒரு வீட்டிலயும் கை வைக்கிறேல்ல. உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் இருக்கு. சிங்க் பைப் ஒழுகுதா, வெளிச்சுவர் வெடிச்சிருக்கா எண்டு பாத்து அதைத் திருத்துங்கோ. ஐப்பசியில இருந்து தை மட்டும் மழை, பங்குனி சித்திரை வெயிலில சுவர் காய்ஞ்ச பிறகு ஒட்டுங்கோ.

கிண்ணியா தங்கச்சி: நானா, 10 அடி மேடைக்கு எத்தனை டைல்?

மேடைக்கும் மேல் கபட்டுக்கும் இடையில 2 அடி எண்டா 20 சதுர அடி, 1 அடிக்கு 2 அடி டைல் 10. வெட்டுச் சேதத்துக்கு 1, பின்னாடி உடைஞ்சா மாத்த 2, மொத்தம் 13. பெட்டியில பட்ச் நம்பர் (ஒரே தடவையில செய்ததெண்டு காட்டுற இலக்கம்) ஒண்டாப் பாத்து எடுங்கோ, இல்லாட்டி நிறம் மாறும்.

பாலையூற்று அன்ரி: மீன் பொரிச்சா இடுக்கெல்லாம் மஞ்சளாகுது தம்பி.

இடுக்கை அடைக்கிற சீமெந்து கிரௌட் எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும் அன்ரி. அடுப்புக்குப் பின்னால மட்டுமாவது எபொக்ஸி கிரௌட் போடுவியுங்கோ, விலை கூடத்தான், ஆனா துடைச்சாப் போகும். மேடையும் டைலும் சேருற மூலைக்கு மட்டும் கிரௌட் வேண்டாம், அது வெடிச்சுத் தண்ணி இறங்கும், ரப்பர் மாதிரி வளையிற சிலிக்கன் பசை இழுக்கச் சொல்லுங்கோ.