பழைய ராணுவப் பயிற்சி ஜெட் விமானத்தைத் தனி ஆள் சொந்தமாக வாங்கி ஓட்ட முடியுமா? நடைமுறையில் எப்படி இருக்கும்?

முடியும். அமெரிக்காவில் நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு எல்-39 அல்பட்ராஸ் வைத்திருக்கிறோம். முழுசும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் என் பங்கு கால்வாசி. இப்படிக் கூட்டாக வைத்திருப்பது இங்கே சகஜம். ஏன் என்பது கீழே படித்தால் புரியும்.

எல்-39 செக்கோஸ்லோவாக்கியாவின் ஏரோ வோடோகோடி தயாரிப்பு. 1968 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகள் பலரும் தங்கள் விமானிகளை இதில்தான் பழக்கினார்கள். (போலந்து மட்டும் தன் சொந்தத் தயாரிப்பான இஸ்க்ராவை வைத்துக்கொண்டது. இந்திய விமானப்படையும் இஸ்க்ராவை வாங்கிப் பயன்படுத்தியது.) எல்-39 மொத்தம் 2,800-க்கும் மேல் செய்யப்பட்டன. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அவற்றில் நிறைய விமானங்கள் ஆயுத இணைப்புகள் நீக்கப்பட்டு மேற்கு நாடுகளுக்கு வந்து தனியார் கைக்குப் போயின. ப்ரைட்லிங் ஜெட் குழு என்ற தனியார் சாகசக் குழு 2019 வரை சாகசம் காட்டியது இதில்தான்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விமானத்தை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்த உரிமையாளர் ஓர் அரசாங்கம். பின்னால் ஒரு கிடங்கு இருக்கும், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜக்ஷன் சீட்டுக்கென்று தனி ஆட்கள் இருப்பார்கள், என்ஜின் மணிக்கணக்கு முடிந்தால் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள் என்று எண்ணித்தான் எல்லாம் செய்திருக்கிறார்கள். நீங்கள் வாங்குவது விமானத்தை மட்டும். அந்தப் பின்னணி கூட வராது. அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வாங்கும் விலை ஒரே தடவை கொடுப்பது. இந்தப் பின்னணிக்குக் கொடுப்பது நிற்கவே நிற்காது.

உதாரணத்துக்கு என்ஜின். இதில் இருப்பது ஏஐ-25டிஎல். யாக்-40 பயணிகள் விமானத்தில் மூன்று மூன்றாக மாட்டிய அதே குடும்பம். பறந்த மணி நேரத்துக்கு ஒரு கெடு, வருடக் கணக்கில் இன்னொரு கெடு. விமானம் ஹாங்கரிலேயே (விமானக் கொட்டகை) தூங்கினாலும் இரண்டாவது கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த என்ஜின்கள் உக்ரைனின் ஜாப்பொரீஷியாவில் உள்ள மோட்டார் சிச்சில் செய்தவை. 2022-ல் போர் மூண்ட பிறகு அங்கிருந்து பாகம் வரவழைப்பது என்ன நிலைமை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் பழைய விமானங்களைப் பிரித்துப் பாகங்களாக விற்பவர்களின் தொலைபேசி எண்கள்தான் இப்போது எங்கள் சொத்து.

ஓட்டுவதைப் பற்றி. ப்ரொபெல்லர் விமானத்திலிருந்து வருபவர்களுக்கு முதல் ஆச்சரியம், இது எவ்வளவு சாது என்பதுதான். மாணவர்களுக்காகச் செய்த விமானம் அல்லவா. ப்ரொபெல்லர் இல்லாததால் டேக்-ஆஃபில் மூக்கு ஒரு பக்கம் இழுக்காது. அதிர்வு இல்லை. சத்தமெல்லாம் பின்னால் போய்விடும். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கவாட்டில் சாய்க்கும் எய்லெரான் இரண்டுமே ஹைட்ராலிக் உதவி இல்லாமல் கம்பி வழியாக நேராகக் கைக்கு வரும். வேகம் கூடக்கூட ஸ்டிக் (ஓட்டும் பிடி) கனக்கும். அந்தக் கனத்திலேயே வேகம் தெரியும், எனக்கு அது பிடிக்கும். மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது வேகம் மாக் 0.78-ஐ, அதாவது ஒலி வேகத்தில் 78 சதவீதத்தை, நெருங்கினால் ஏர்பிரேக் (காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் தகடு) தானாகவே வெளியே வந்துவிடும். பையன்கள் ஏதாவது செய்து வைப்பார்கள் என்று அன்றே தெரிந்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்வதும் சுலபம். சஃபீர் என்ற குட்டி டர்பைன் உள்ளேயே இருக்கிறது. முதலில் அது ஓடத் தொடங்கும். அதிலிருந்து வரும் அழுத்தக் காற்று பெரிய என்ஜினைச் சுழற்றும். வெளியிலிருந்து வண்டி எதுவும் வேண்டாம். காற்று உள்ளே போகும் வாய்களும் இறக்கைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் கல், தூசி உறிஞ்சும் பயம் குறைவு. கரடுமுரடான ராணுவ ஓடுதளங்களுக்காகச் செய்த இந்த ஏற்பாடுகள் எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்திவிட்டன. மற்ற பழைய ஜெட்டுகளை விட எல்-39 இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சாது என்று நம்பி ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு: த்ராட்டில், அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி. ஐடிலில் (மிகக் குறைந்த சுழற்சி) இருந்து முழு வேகத்துக்கு வர இந்த என்ஜின் 9 முதல் 12 விநாடி எடுத்துக்கொள்ளும். பிஸ்டன் என்ஜினில் கையைத் தள்ளினால் அந்தக் கணமே இழுக்கும். இதில் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரன்வேக்குச் சற்று முன்னால், உயரம் குறைவாக, வேகமும் குறைந்து, த்ராட்டிலையும் பின்னால் இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பத்து விநாடி உங்களிடம் இருக்காது. ஆகவே இறங்கும்போது ஃப்ளாப் (இறக்கையின் பின் மடிப்பு), சக்கரம் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, காற்றின் இழுவையைக் கூட்டி, அதைச் சமாளிக்க என்ஜினை நல்ல சுழற்சியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எரிபொருளை வீணடிப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சுழற்சிதான் நமக்கான காப்பீடு. பயிற்சியில் முக்கால்வாசி நேரம் இந்த ஒரு பழக்கத்தைக் கையில் ஏற்றுவதற்கே போகும், போகவும் வேண்டும்.

அப்புறம் எரிபொருள். இறக்கை நுனித் தொட்டிகளையும் சேர்த்து சுமார் 1,250 லிட்டர் பிடிக்கும். சராசரியாக மணிக்கு 500 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். தாழப் பறந்தால் இன்னும் அதிகம். கையிருப்பு ஒதுக்கியது போக ஒன்றரை மணி நேரம் பறந்தால் பெரிது. சின்ன விமானத்தில் மேகம் வந்தால் வட்டமடித்து யோசிக்கலாம். இங்கே யோசிப்பதற்கும் லிட்டர் கணக்கு உண்டு. எங்கே இறங்குவது, அது முடியாவிட்டால் எங்கே என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

எஜக்ஷன் சீட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இதில் உரிமையாளர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி வெடிமருந்துத் தோட்டாக்களை எடுத்துவிட்டு வெறும் நாற்காலியாக வைத்துக்கொள்ளும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: தோட்டாக்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, கிடைப்பது கஷ்டம், தெரியாதவர் கைபட்டால் ஹாங்கருக்குள்ளேயே உயிர் போகும். நான் மற்றக் கட்சி. தரையைத் தொடும்போதே மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தை, என்ஜின் நின்றுவிட்டது என்று ஏதோ ஒரு வயலில் இறக்கிப் பிழைப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்காக இந்த சீட்டும் அற்புதம் இல்லை. தரைமட்டத்தில் அது வேலை செய்ய விமானம் குறைந்தது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பின் சீட்டில் நண்பரை ஏற்றினால், தொடைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடி என்ன செய்யும் என்று நிதானமாக விளக்கிவிட்டுத்தான் புறப்படுவேன். சிரித்துக்கொண்டே கேட்பவரை ஏற்றுவதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் இவை 'சோதனை, கண்காட்சி' வகைச் சான்றிதழில் பறக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. உங்கள் விமானி உரிமத்தில் அந்த ரக விமானத்துக்கென்று தனி அனுமதி வேண்டும். 750 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய விமானம் என்றாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்) எல்லை உங்களுக்கும் உண்டு. பிரிட்டனில் 2015 ஆகஸ்டில் ஷோரம் கண்காட்சியில் ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய போர் ஜெட் ஒன்று சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே பழைய ஜெட்டுகளின் சாகசங்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்களோ எந்த நாட்டிலும் அரசை விடக் கறார். உங்கள் ஜெட் அனுபவம் போதாது என்று அவர்கள் சொல்லிவிட்டால், உரிமம் இருந்தும் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசை குறையவில்லை என்றால், முதலில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு குழுவில் பங்கு கிடைக்குமா என்று பாருங்கள். விமானத்தைத் தேடும் முன் இந்த ரகத்தில் கை பழகிய மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லை என்றால் விமானமும் அவர் இருக்கும் ஊரில்தான் இருக்க வேண்டும். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். என்ஜினின் பதிவேட்டைக் கேளுங்கள். பெரும்பாலும் ரஷ்ய மொழியில் இருக்கும். மொழி தெரிந்தவரை வைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். பதிவேடு தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், அந்த என்ஜினுக்கு ஆயுள் பூஜ்யம் என்று வைத்து விலை பேசுங்கள்.