கடன் எந்தப் பணத்தில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டுக் கடனால் நாடு வளருமா, தேயுமா? ஒரே வரியில் சொல்லவும். (லாஸ்பேட்டை)

வாங்கிய டாலர், டாலர் சம்பாதிக்கும் தொழிலுக்குப் போனால் வளரும். தென்கொரியா அப்படித்தான் 1960, 70-களில் கடன் வாங்கி, ஏற்றுமதி செய்து அடைத்தது.

துபாயிலிருந்து மகன் அனுப்பும் பணமும் நாட்டின் கடனா? (பரங்கிப்பேட்டை)

வீட்டுச் செலவுக்கு வருவது கடன் அல்ல. என்.ஆர்.ஐ. கணக்கில் டெபாசிட் போட்டால் அது வெளிநாட்டுக் கடன் கணக்கில் சேரும். பயந்தால் போட்டவர்கள் எடுத்துவிடுவார்கள். 1991-ல் அதுவும் நடந்தது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே டாலர் மிஞ்ச, 47 டன் தங்கத்தை அடகு வைத்தோம்.

தலைக்கு இத்தனை லட்சம் வெளிநாட்டுக் கடன் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (நெல்லிக்குப்பம்)

யார் வாங்கிய கடன், எந்தப் பணத்தில் என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். அரசு உள்நாட்டில் ரூபாயில் வாங்குவது வேறு, இது வேறு. இந்தியாவின் வெளிநாட்டுக் கடன் 2025 மார்ச்சில் சுமார் 73,600 கோடி டாலர், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் (ஜி.டி.பி.) 19 சதவீதம். அதில் அரசின் பங்கு கால்வாசிதான்.

இலங்கையைச் சீனக் கடன்தானே கவிழ்த்தது? (கடலூர் முதுநகர்)

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். மறுபடியும் சொல்கிறேன். கவிழ்ந்தபோது இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவுக்குத் தர வேண்டியிருந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள். வட்டி அதிகம், அசலை ஒரே நாளில் மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி டாலர் ஈட்டும் தொழிலுக்குப் போகவில்லை. 2019-ல் வரியைக் குறைத்தார்கள், கொரோனாவில் சுற்றுலா நின்றது, 2021-ல் ரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சலையும் கெடுத்தார்கள். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் குத்தகைக்கு விட்டு வந்த 110 கோடி டாலர்கூட அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. 2022 ஏப்ரலில் கடன் கட்டுவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. கைக்குழந்தையோடு படகேறி தனுஷ்கோடிக்கு வந்தவர்களை நாம் பார்த்தோம். சீனா ஒன்றையே குற்றம் சொன்னால், பத்திரம் விற்றவர்களும் வரியைக் குறைத்தவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கானா கடன் கட்டாவிட்டால் பண்ருட்டிக்கு என்ன? (பண்ருட்டி)

ஆப்பிரிக்காவிலுள்ள கானாவிலிருந்து முந்திரிக்கொட்டை டாலர் விலையில்தான் வருகிறது, உங்களுக்குப் பெரிய மாற்றமில்லை. பாதிப்பு அவர்களுக்கு. 2022-ல் அவர்கள் நாணயம் சரிந்ததும் டாலர் கடன் உள்ளூர்க் கணக்கில் ஊதிவிட்டது. கொட்டையை அங்கேயே உடைத்துப் பருப்பாக விற்றால் கூடுதல் டாலர் கிடைக்கும். ஆலைக்கும் மின்சாரத்துக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போனால் எப்படி உடைப்பது? கடன் வளர்ச்சியை முடக்குவது இப்படித்தான்.

சுனாமிக்குப் பிறகு வந்த உலக வங்கிக் கடனை மாநிலமே வாங்கியதா? (தேவனாம்பட்டினம்)

இல்லை. அரசமைப்பின் 293-வது பிரிவுப்படி மாநிலம் நாட்டுக்குள்தான் கடன் வாங்கலாம். ஒன்றிய அரசு கையெழுத்திட்டு வாங்கித் தரும். அது சலுகைக் கடன், தவணை நீண்டது.