கார் வேலை எதையும் இதுவரை தொட்டதில்லை. முதல் முறையாகக் காரின் எஞ்சின் ஆயிலை நானே மாற்றலாமா, எஞ்சின் கெட்டுவிடுமோ? எதில் கவனம் வேண்டும்?

தாராளமாக மாற்றலாம். கார் வேலை எதையும் இதுவரை தொட்டதில்லை என்கிறீர்கள். ஆயில் மாற்றிவிட்டு எஞ்சினைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் கேள்வியிலேயே தெரிகிறது. பல ஆண்டுகளாக என் காருக்கு நானே ஆயில் மாற்றி வருகிறேன், புதியவர்கள் சிலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் உண்மையான சேதம் வருவது சில இடங்களில்தான். அங்கே நிதானமாக இருந்தால் மற்றதெல்லாம் சற்று முன்னே பின்னே ஆனாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும்.

முதலில் காருடன் வந்த கையேட்டை எடுங்கள். ஆயிலின் கிரேடு, தரக்குறியீடு, அளவு ஆகியவை அதில் இருக்கும். 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், டபிள்யூவோடு சேர்ந்த எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், அடுத்த எண் எஞ்சின் சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். கெட்டி ஆயில்தான் எஞ்சினுக்கு நல்லது என்று பலரும் சொல்வார்கள், கேட்காதீர்கள். பேரிங்குகளின் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் அழுத்தத்தால் வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பு எல்லாமே கையேட்டில் உள்ள கிரேடைக் கணக்கில் வைத்து உருவாக்கப்பட்டவை. தரக்குறியீட்டில், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த பெட்ரோல் எஞ்சினுக்கான வகைகள் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். 2010இல் எஸ்என் வந்தது, 2020இல் எஸ்பி வந்தது. பழைய வகையைக் கேட்கும் பெட்ரோல் காருக்குப் புதிய வகையை ஊற்றலாம். டீசல் காரில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அளவைப் பார்க்கும்போது ஆயிலின் அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டருடன், ஃபில்டர் இல்லாமல் என இரண்டு எண்கள் இருக்கலாம். ஃபில்டருடன் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு மூன்றிலிருந்து நாலரை லிட்டருக்குள் வரும்.

ஆயிலோடு புதிய ஃபில்டரும், ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கான புதிய வாஷரும் வாங்கிவிடுங்கள். வாஷர் சின்னப் பொருள் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி இடத்தை அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. பழையதையே திரும்பப் போட்டால் கசிவை நிறுத்த போல்ட்டை மேலும் மேலும் முறுக்கத் தோன்றும், அதுதான் அடுத்த கெடுதலுக்கு வழி.

காரைத் தூக்கும் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜாக்கி தூக்குவதற்கு உரியது. அதை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஒரு நிமிட வேலைதானே என்று கையை நீட்டியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிறகு தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் காரின் எடையைத் தாங்கும் தாங்கிகளான ஜாக் ஸ்டாண்டுகளை வைத்து, காரின் எடையை அவற்றின் மேல் இறக்குங்கள். அடியில் போகும் முன் வெளியே நின்று காரைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் மறுபடியும் இறக்கி முதலிலிருந்து தொடங்குங்கள். சரிவுப் பலகைகளில் ஏற்றி நிறுத்துவது புதியவர்களுக்கு இன்னும் எளிது. உயரமான வண்டியாக இருந்தால் தூக்காமலேயே கை எட்டக்கூடும். பாதுகாப்பான தரை இல்லையென்றால், ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப் ஸ்டிக்கின் குழாய் வழியாக மேலிருந்தே ஆயிலை உறிஞ்சும் பம்ப் இருக்கிறது. பல கார்களுக்கு அது ஒத்துவரும்.

எஞ்சினைச் சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் எளிதாக இறங்கும், அடியில் தங்கிய அழுக்கும் அதோடு கலந்து வரும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு திறக்கக் கூடாது. அப்போது ஆயில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும், தோல் வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்தால் காற்று உள்ளே போய் ஆயில் தடையின்றி வடியும்.

அடியில் போனதும் அவசரப்பட்டு முதலில் கண்ணில் படும் போல்ட்டைக் கழற்றாதீர்கள். கியர் பாக்ஸுக்கும் இதே போன்ற போல்ட் உண்டு, சில கார்களில் இரண்டும் அருகருகே இருக்கும். எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப் எது என்று கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றிய பிறகு சிவப்பாகவோ வேறு வாடையோடோ ஏதாவது வந்தால் உடனே மூடிவிடுங்கள். அது கியர் பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம், வடிந்ததை நிரப்பும்வரை காரை ஓட்டக் கூடாது.

போல்ட்டுக்குச் சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை சாக்கெட் வேண்டும். அளவு மாற்றும் ஸ்பேனரை எடுத்தால் தலை மழுங்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது திசை குழம்பிவிடும். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையுறை போட்ட விரல்களால் செய்யுங்கள், போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே திருப்பி, மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் எடுங்கள். போல்ட் சம்பின் பக்கச் சுவரில் இருந்தால் ஆயில் நேர்கீழே விழாது. முதலில் வளைந்து தள்ளிப் பாயும், உள்ளே மட்டம் குறையக் குறைய அந்த வளைவு பின்வாங்கி செங்குத்தாகும். அகலமான தட்டு வைத்து, ஓட்டம் நகர நகரத் தட்டையும் நகர்த்துங்கள். நூலாகி, சொட்டாகி, சொட்டுகளுக்கு இடையே வெகுநேரம் ஆகும் வரை விட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தில் வடிந்த ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது குறையல்ல. கரியைத் தன்னுள் மிதக்கவைத்து எஞ்சினைத் தூய்மையாக வைப்பது ஆயிலின் வேலை, டீசலில் அது மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காபி போன்ற நிறம் வந்திருந்தால் கதை வேறு: குளிர்விக்கும் நீர் ஆயிலில் கலக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். விரலில் எடுத்து வெளிச்சத்தில் சாய்க்கும்போது மினுக்கும் துகள்கள் தெரிந்தாலும் அப்படியே. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், குறுந்தூர ஓட்டத்தால் எரியாத எரிபொருள் கீழே இறங்குகிறதா என்று யோசியுங்கள். பணிமனையில் கொடுத்துவிட்டு வந்தால் இதில் எதுவும் நம் கண்ணுக்கு வராது. நானே மாற்றுவதை விடாமல் இருப்பதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

போல்ட்டைத் திரும்பப் போடுவதுதான் என் கணக்கில் இந்த வேலையின் இதயம். மரையையும் உட்காரும் இடத்தையும் துடைத்து, புதிய வாஷருடன் விரலால் மட்டும் தொடங்குங்கள். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் மரைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து உள்ளே திருப்புங்கள். கடைசி வரை விரலாலேயே போக வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள், கழற்றி மறுபடி தொடங்குங்கள். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டுமே. பல கார்களில் அந்த இறுக்கம் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கிறது; உங்கள் காருக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்து, முடிந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். அலுமினிய சம்பில் மரை உரிந்துபோனால் உள்ளே புதிய மரை பதிக்க வேண்டும், அல்லது சம்பையே மாற்ற வேண்டும். ஒரு கசிவைத் தடுக்கக் கொடுத்த கூடுதல் அழுத்தத்துக்கு அது பெரிய விலை.

ஃபில்டர் கழற்றும்போது உள்ளே ஆயில் இருக்கும், அடியில் தட்டு இருக்கட்டும். கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேல் புதிய ஃபில்டர் ஏறினால், இரண்டு ரப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் அவை பிதுங்கி, ஆயில் முழுக்க வெளியே கொட்டும். தெரிந்த ஒருவரின் காரை ஒரு பணிமனையில் இப்படிப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் சாலை முழுதும் கறுப்புத் தடம். எஞ்சின் பிழைத்தது, ஆயில் விளக்கைப் பார்த்து அவர் அந்த நொடியே அணைத்ததால். பொருத்தும் முகப்பைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புதிய ஃபில்டரின் வளையத்தில் புதிய ஆயிலைப் பூசி, கையால் திருப்புங்கள். வளையம் தொட்ட பிறகு சுமார் முக்கால் சுற்று போதும். ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். இறுக்குவதற்குக் கருவி வேண்டாம். காகித ஃபில்டரை மூடிக்குள் வைக்கும் வகையானால் மூடியின் ஓ-ரிங்கை மாற்றி, குறிப்பிட்ட இறுக்கத்தில் மூடுங்கள்.

ஊற்றும்போது கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைவாக நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே: எஞ்சினின் அடியில் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரைக்க வைத்தால், நுரை பேரிங்குகளைக் காக்காது.

மூடியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள், டர்போ உள்ள காரில் இது இன்னும் முக்கியம். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து போல்ட்டையும் ஃபில்டரையும் வெளியிலிருந்தே பாருங்கள். பிறகு அணைத்து, காரைச் சமதரைக்கு இறக்கி, ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். ஃபில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும். குறைவதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டிப் ஸ்டிக் இல்லாத கார்களில் திரையில் காட்டும் அளவைக் கையேட்டின்படி சரிபார்க்க வேண்டும்.

பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் சேர்ந்திருக்கின்றன. கையுறை போடச் சொல்வதும் அதனால்தான். காலியான ஆயில் கேனிலேயே ஊற்றி மூடுங்கள், தண்ணீரோ வேறு எதுவுமோ கலக்க வேண்டாம். கலப்படமில்லாத பழைய ஆயிலைத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்த முடியும்; அதை எடுத்துக்கொள்ளும் மறுசுழற்சி மையத்திலோ பணிமனையிலோ கொடுங்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டுச் சேர்த்துக் கொடுக்கலாம்.

மறுநாள் காலை காரை எடுக்கும் முன் அடியில் ஒரு அட்டையை விரித்துப் பாருங்கள், டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி, ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள காருக்கு அந்த ரசீது கட்டாயம் தேவைப்படலாம்.