ரெஃபரன்ஸ் வேறு, சிபாரிசு வேறு

இங்கிலாந்துக்கு வந்து இறங்கியதும் வீட்டு ஏஜென்ட், வேலை இடம் இரண்டிலும் ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள், இங்கே இருக்கும் மாமா பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

வேலைக்கு மாமா வேண்டாம். நம்மூரில் 'ரெஃபரன்ஸ்ல வேலை கிடைச்சுது' என்றால் உள்ளே ஒருவர் சொல்லி வைத்தார் என்று பொருள். அதை இங்கே ரெஃபரல் என்பார்கள். ரெஃபரன்ஸ் என்பது விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதைப் பழைய முதலாளியிடம் கேட்டுச் சரிபார்ப்பது. உறவினர் சொல்லுக்கு அதில் மதிப்பில்லை.

பெரும்பாலும் இரண்டு பேரைக் கேட்பார்கள். ஒருவர் கடைசியாக வேலை பார்த்த இடத்தவராக இருக்க வேண்டும். பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல் மூன்றும் தேவை. ஜிமெயில் முகவரி கொடுத்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். தொலைபேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: இங்கே பிற்பகல் 3 மணி என்றால் சென்னையில் இரவு 7.30 அல்லது 8.30, யார் எடுப்பார்கள்? பழைய மேலாளருக்கும் ஹெச்ஆருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மெயில் ஸ்பேமில் கிடந்தே பாதி தாமதம் ஆகிறது. என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வேலை என்றால் கடைசி 3 வருட விவரத்தைச் சரிபார்ப்பார்கள். நடுவில் இடைவெளி இருந்தால் காரணத்தை நீங்களே எழுதிவிடுங்கள். பதிலில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும் வந்தால் கவலை வேண்டாம். பல நிறுவனங்கள் அதற்கு மேல் எழுதுவதில்லை.

வீட்டுக்கு வேறு கணக்கு. மாத வாடகையைப் போல 30 மடங்கு ஆண்டுச் சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். வாடகை 1,000 பவுண்டு என்றால் சம்பளம் 30,000. புதிதாக வந்தவருக்கு இங்கே கடன் வரலாறும் இருக்காது, பழைய வீட்டுக்காரரும் இருக்க மாட்டார். அதனால் வேலை நியமனக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், விசாவுக்கான ஷேர் கோட் (உங்கள் விசா நிலையை மற்றவர் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் குறியீடு) இவற்றைத் தயாராக வையுங்கள். அதுவும் போதாவிட்டால் கேரன்டர், அதாவது உங்களுக்காகப் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர், கேட்பார்கள். மாமா உதவுவது இங்கேதான், ஆனால் அவருக்கு மாத வாடகையைப் போல 36 மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் வாடகை கட்டாவிட்டால் அவர்தான் கட்ட வேண்டும்; கையெழுத்துக்கு முன் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ரெஃபரன்ஸ் பார்க்க என்று ஏஜென்ட் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் அதற்குத் தடை. வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. மேலே சொன்ன வீட்டுக்கு 230 பவுண்டுதான். ஆனால் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி மாட்டினால் அதை அவர்கள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது வரும் ரெஃபரன்ஸ் கட்டம் வேறு சங்கதி. 18 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டும்போது அதில் உங்கள் பெயரைப் போடாமல் பில்லில் உள்ள கணக்கு எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் பணம் போய்ச் சேர்ந்த பிறகும் நினைவூட்டல் கடிதம் வரும்.