கருக்கிய மேசையில் கரி ஒட்டுகிறதா?

கேள்வி: ஜப்பானிய முறையில் தீயில் கருக்கிய திடமர மேசை ஒன்று வாங்கினேன். சட்டைக் கையிலும் தாளிலும் கரி ஒட்டுகிறது. வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. வார்னிஷ் மரத்தைப் பிடிக்காமல் கரித்தூளைப் பிடிக்கும். பிறகு தூளோடு செதில் செதிலாக உரியும்.

இந்த முறையின் பெயர் யாக்கிசுகி. (விற்பவர்கள் சொல்லும் ‘ஷோ சுகி பான்’, அதன் ஜப்பானிய எழுத்துகளைத் தவறாகப் படித்ததால் வந்த பெயர்.) சுகி (ஜப்பானிய சிடார்) மரப் பலகைகள் மூன்றை முக்கோணப் புகைபோக்கிபோல் சேர்த்துக் கட்டி, அடியில் தீ மூட்டுவார்கள். உட்புறம் கருகியதும் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். ஜப்பானின் செட்டோ உள்கடல் கரையிலும் நவோஷிமா போன்ற தீவுகளிலும் வீட்டு வெளிச்சுவரில் அறையும் பலகை இது. அங்கே யாரும் கை வைப்பதில்லை, கரியை அப்படியே விடலாம். மேசையில் உதிரும் கரியை எடுத்தே ஆகவேண்டும்.

மேசையை வெளியே வைத்து, முகமூடி அணிந்து, நைலான் அல்லது மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷால் ரேகை ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள். மரத்தின் மென்மையான பகுதி தீயில் அதிகம் கரைந்து, கெட்டியான பகுதி வரப்புபோல் மேடாக நிற்கும். குறுக்கே தேய்த்தால் அந்த வரப்பு உடைந்து பழுப்புக் கோடு தெரியும். தூளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்தால் லேசான சாம்பல் நிறம் வரலாம். கறுப்பாக வந்தால் மறுபடி பிரஷ்தான்.

அடுத்து, டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (சீக்கிரம் காயும்படி பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெய்) பூச வேண்டும். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பென்டைனும் சம அளவு. 20 நிமிடம் ஊறியதும் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள்; தேங்கினால் பிசினாக ஒட்டும், அதுதான் பலரும் செய்யும் தவறு. குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், டர்பென்டைன் சேர்க்காமல் மெல்லியதாக இன்னும் 2 பூச்சு. மேசையின் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் ஈரம் இழுத்தால் பலகை வளையும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

பின்னாளில் கீறல் விழுந்தால் மறுபடி தீ காட்ட வேண்டாம், எண்ணெய் பற்றிக்கொள்ளும். கரித்தூளைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்து அங்கே மட்டும் தடவித் துடைத்தால் போதும்.