கருவியா, ஒப்பரேஷனா?

கேள்வி: மகனுக்கு 14 மாதம். இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் செவிப்புலன் இழப்பு என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. காதில் மாட்டும் கருவி எழுதித் தந்தார்கள், இன்னும் வாங்கவில்லை. உடனே கொழும்புக்குப் போய் கொக்லியர் ஒப்பரேஷன் (உட்செவிக்குள் கருவி பொருத்துவது) செய்வோம் என்கிறார் கணவர். கனடாவிலிருக்கும் சித்தப்பா காசு அனுப்புவாராம். மாமியோ, "தகப்பனும் மூன்று வயதில்தான் கதைச்சவன், பொறுங்கோ" என்கிறா. சைகை காட்டினால் பிள்ளை கதைக்கவே மாட்டான் என்றும் சொல்கிறார்கள். நான் கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணமாம். என்ன செய்வது?
- ஒரு தாய், கோப்பாய்

பதில்: முதலில் மாமிக்கு. பிந்திக் கதைத்த தகப்பனுக்குக் காது கேட்டது. பேரனுக்குக் கேட்கவில்லை. பொறுப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். கருவி மாட்டுவதும், பிள்ளைக்குச் சைகையிலாவது ஒரு மொழியைக் கொடுப்பதும் இந்த வாரமே தொடங்க வேண்டியவை. பிறவிக் குறைபாட்டுக்கு ஆறு மாத வயதுக்குள் தொடங்குவதே நல்லது, நாம் ஏற்கெனவே பிந்திவிட்டோம். ஒப்பரேஷன் முடிவுக்குச் சில மாதங்கள் இருக்கின்றன. சில வருடங்கள் இல்லை. மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறையில் வரும் அழற்சி) வந்த பிறகு கேட்காமல் போயிருந்தால் மட்டும் கதை வேறு. உட்செவிக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம், அப்போது ஓட வேண்டும்.

இந்த மாதங்களில் கருவியோடு அவனுக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் செவி நரம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நரம்பே இல்லாவிட்டால் கொக்லியர் பயன் தராது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும். அது கீச்சிட்டால் பெரும்பாலும் காது வளர்ந்து, காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்திருக்கும். புது அச்சு எடுங்கள், கழற்றி அலுமாரியில் வைக்காதீர்கள்.

சித்தப்பாவின் காசு நல்ல விசயம். ஆனால் ஒப்பரேஷன் ஒரு நாள் வேலை. பொருத்திய கருவியைச் சரிப்படுத்தத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் நடக்கும், காதுக்கு வெளியே மாட்டும் பாகம் பழுதாகும், பற்றரி தீரும். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். யார் கூட்டிப் போவது, யாருக்கு லீவு கிடைக்கும், ஐந்து வருடம் கழித்துப் பழுதானால் யார் காசு கொடுப்பது? கையெழுத்து வைக்க முன் கணவரோடு இருந்து இதைக் கதையுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால், நரம்பும் சரியாக இருந்தால், தயங்காமல் செய்யலாம்.

சைகை வாயைக் கட்டாது. ஒப்பரேஷன் செய்தாலும் குளிக்கும்போதும் படுக்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றுவான். அப்போதும் அம்மாவோடு கதைக்க வேண்டுமே. காது கேட்காத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சேர்ப்பதற்கு இல்லை. கேட்காத பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிச் சண்டை பிடித்துச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் 90 வீதத்துக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள், அதனால் உங்களைப் போலவே அநேகர் முன்பின் ஒரு சைகையும் தெரியாதவர்கள்தான்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. திரும்ப யாராவது அந்தக் கதையை எடுத்தால், டொக்டர் எழுதியிருக்கிறார் என்று இதைக் காட்டுங்கள்.