வாசகர் கேள்வி – பதில்: கடலோரத்துக்கு அயோடின் உப்பு எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மீன் குழம்புதான். உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும்போது நாங்கள் ஏன் பாக்கெட் உப்பு வாங்க வேண்டும்? (வாசகி, வேதாரண்யம்)

கடல்நீரில் அயோடின் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நீரிலிருந்து விளையும் உப்பிலும் அது போதுமான அளவு இருக்கும் என்று கொள்வது சரியன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அயோடினோ 50 முதல் 60 மைக்ரோகிராம் அளவுக்கே உள்ளது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடல்நீரில் உள்ள அயோடின் முழுவதும் உப்பிலேயே தங்கிவிடுவதாக வைத்துக்கொண்டாலும், அந்தத் தேவைக்கு ஒருவர் தினமும் ஏறத்தாழ 90 முதல் 105 கிராம் வரை உப்புத் தின்ன வேண்டியிருக்கும். உண்மையில் அந்த அளவும் தங்குவதில்லை. பாத்தியில் உப்புப் பூத்து வாரியெடுத்த பிறகு எஞ்சி நிற்கும் கசப்பு நீரோடு அயோடினின் பெரும்பகுதி போய்விடுகிறது. இப்போது பலரும் அதிக விலை கொடுத்து வாங்கும் இந்துப்பின் நிலையும் இதுவே. அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்கும் அயோடினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கடலில் அயோடினைச் சேர்த்து வைத்துக்கொள்பவை பாசிகளும் மீன் முதலிய உயிரினங்களுமே. 1811ஆம் ஆண்டில் பிரான்சில் வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த பெர்னார் குர்த்துவா இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தது கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்துதான். அந்தச் சாம்பலில் கந்தக அமிலம் சற்று மிகுதியாகச் சேர்ந்தபோது ஊதா நிற ஆவி கிளம்பி, குளிர்ந்த பரப்புகளில் கருமையான படிகங்களாகப் படிந்தது. ஆகவே உங்கள் வீட்டில் மீன் குழம்பின் வழியாக ஓரளவு அயோடின் கிடைத்துக்கொண்டிருக்கிறது. உப்பின் வழியாகக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. மீன் முள்ளுக்குப் பயந்து ரசம் சோற்றோடு எழுந்துவிடும் பிள்ளைகளுக்கும், மீனே சேர்க்காத பெரியவர்களுக்கும் அந்த ஓரளவும் இல்லை.

கல் உப்பின் சுவையை விட்டுவிட முடியாதவர்களுக்கு அயோடின் கலந்த கல் உப்பும் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கையாளுவதில் மட்டும் கவனம் வேண்டும். கல் உப்பில், அயோடின் அடங்கிய வேதிப்பொருளான பொட்டாசியம் அயோடேட்டின் கரைசலைத் தெளித்தே கலக்கிறார்கள் என்பதால் அது பெரும்பாலும் பரலின் மேற்புறத்திலேயே ஒட்டியிருக்கும். மண் போகட்டும் என்று உப்பை நீரில் அலசி வடிகட்டும் வழக்கமுள்ள வீடுகளில் அயோடினும் அந்த நீரோடு போய்விடும். ஈரம் படாத, மூடியுள்ள ஜாடியில் வைத்து, அலசாமல் பயன்படுத்துங்கள். வாங்கிய உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், அயோடின் கலந்த உப்பாக இருக்கும்பட்சத்தில் அந்த இடம் நீலமாக மாறும். எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

கேள்வி: கழுத்துக் கழலை இமயமலை அடிவாரத்து நோய் என்கிறார்கள். அதற்காக உப்பில் அயோடின் கலக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் போட்டது சரியா? (வாசகர், திருநெல்வேலி)

அயோடின் பற்றாக்குறையால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்குவதே கழலை. அதைத் தடுக்கும் அயோடின் உப்புத் திட்டம் இமயமலை அடிவாரத்தில் தொடங்கியது உண்மை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்புப் பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது; சாதாரண உப்புப் பெற்ற பகுதியில் குறையவில்லை. அதை அடியொற்றி 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் செய்த கணக்கெடுப்புகளில் சமவெளி மாவட்டங்களிலும் கடலோர மாவட்டங்களிலும் இதே குறைபாடு தென்பட்டதால்தான் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1992இல் அதன் பெயரும் அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாற்றப்பட்டது. கழலை என்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. வீக்கம் எதுவும் தெரியாமலேயே ஒரு குழந்தையின் கற்கும் திறன் மங்கிப்போகக்கூடும் என்பதே இதில் கவலைக்குரிய செய்தி.

அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்கு இருந்த தடையை மத்திய அரசு 2000இல் நீக்கி, 2006இல் மீண்டும் கொண்டுவந்தது. எதை உண்பது என்பதை அரசு தீர்மானிக்கலாமா என்ற உங்கள் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும் 2018–19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் நாட்டிலேயே கடைசியில் நின்றது, உப்பு உற்பத்தியில் முன்னணியில் உள்ள நம் தமிழ்நாடுதான். நமக்கு இது தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை என்றே கருதுகிறேன்.

கேள்வி: தைராய்டு குறைவாகச் சுரப்பதால் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அயோடின் உப்பைக் கூட்டினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? முட்டைக்கோஸ் சாப்பிடக் கூடாதா? (வாசகி, ஈரோடு)

நிறுத்த முடியாது. அயோடின் உப்புப் பரவலாகக் கிடைக்கும் இடங்களில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் அயோடின் பற்றாக்குறை அன்று. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கிச் சிதைப்பதுதான். சுரப்பி பழுதுபட்டிருக்கும்போது சுரப்புக்கு மூலப்பொருளான அயோடினை மட்டும் அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. அயோடின் அளவு மீறினால் சிலருக்குச் சுரப்பு மேலும் குறைவதும் உண்டு. நீங்கள் விழுங்கும் தைராக்சின் மாத்திரையிலேயே மருந்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். அதற்காக அயோடின் உப்பைத் தவிர்க்கவும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் போடும் உப்பே உங்களுக்கும் போதும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறவிருப்பவர்கள் மட்டும், மருத்துவர் சொல்லும் ஓரிரு வாரங்களுக்கு அயோடினைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றில் தைராய்டின் வேலைக்கு இடையூறு செய்யும் பொருட்கள் உள்ளன என்பது மெய். அயோடின் போதிய அளவு கிடைப்பவர்கள், வேகவைத்த பொரியலாக அளவோடு உண்பதால் கெடுதல் வராது.

கேள்வி: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்த அழுத்தம் சற்று அதிகம் என்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அயோடின் குறைந்துவிடாதா? (வாசகி, மதுரை)

நியாயமான கவலை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. முதல் மாதங்களில் கரு தன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. பிறகு தன் சுரப்பி இயங்கத் தொடங்கினாலும் அதற்கான அயோடின் தாயிடமிருந்துதான் வர வேண்டும்.

நுகர்வோரைச் சேரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் ஐந்து கிராம் உப்பிலிருந்து 75 மைக்ரோகிராம்தான் உறுதியாகக் கிடைக்கும். எனவே உப்பைக் குறைப்பவர்கள், குறைத்த அந்த அளவாவது அயோடின் கலந்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதோடு, பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை நிறுத்தினாலே உப்பின் அளவு கணிசமாகக் குறைந்துவிடும். அரசு சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து – ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது. தனியாக மாத்திரை தேவையா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இணையத்தில் விற்கும் கடற்பாசி மாத்திரைகளை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் அயோடின் அளவு மாத்திரைக்கு மாத்திரை பெரிதும் மாறுபடும். அளவு மீறினால் கருவின் தைராய்டு பாதிக்கப்படலாம்.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஸ்கேனுக்கு முன் போடும் அயோடின் ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு வகைப் புரதமே; அயோடின் அன்று. ஆகவே இறால் சேராது என்பதற்காக மட்டும் அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு எப்போதாவது இதே ஊசி போட்டபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலும், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், ஸ்கேன் எடுக்குமுன்பே மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிடுங்கள்.